அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர்

சொகுசுக்கப்பல் கம்பெனிகளின் பயண அட்டவணையைப் பார்த்தால் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிவிதாவெக்கியா. கப்பல் நிற்பது இந்த இரண்டாவது ஊரில்தான். ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர்!

இறங்கிய கூட்டம் பஸ் ஏறி, கொலோசியம் வாசலில் நாலு படம் எடுத்து, கப்பல் கிளம்பிடுமோ என்ற பயத்திலேயே திரும்பி ஓடி வருகிறது. இதுக்குப் பேர் ரோம் பார்த்ததாம். கேட்டால், 'சிவிதாவெக்கியாவில் பார்க்க என்ன இருக்கு?' என்பார்கள்.

என்ன இல்லை? துறைமுகமே ரோமப் பேரரசன் டிராஜன் கட்டியது. கரையிலேயே மைக்கலாஞ்சலோ கோட்டை (பேர் அவருடையது, 1508ல் தொடங்கியவர் பிரமாந்தே). ஜப்பானியத் தூதர் ஹசெகுரா 1615ல் வந்து இறங்கியது இங்கேதான். ஊருக்குள் நடந்தே போகலாம், ஜப்பானிய மறைசாட்சிகளின் தேவாலயத்தில் கிமோனோ உடுத்திய மாதா ஓவியம்! 1943 குண்டுவீச்சில் நொறுங்கி மறுபடி எழுந்த ஊர் வேறு.

நடந்து பார்க்கிறவனிடம் பஸ் டிக்கெட் விற்க முடியாது, அதுதான் சங்கதி. பிரேயஸ் 'ஏதென்ஸ்' ஆனதும், லிவோர்னோ 'ஃபுளோரன்ஸ்' ஆனதும் இதே கதைதான். அடைப்புக்குறியையாவது முதலில் எடுங்கப்பா.