கலிங்கு எங்கே இருக்கு?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

மேட்டூர் பக்கம் வேலை பார்க்கிற டாக்டருக்கு ஆடி மாசம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். பிபி மாத்திரைக்கு ஓபி சீட்டை நீட்டிக்கிட்டே பாட்டி கேட்பாங்க: "ஏஞ் சாமி, டேம் தாங்குமா?"

நான் இன்ஜினியர் இல்லை, வெறும் எம்பிபிஎஸ். ஆனாலும் தைரியமா "தாங்கும் பாட்டி"ன்னு சொல்லிடுவேன். காரணம் சொல்றேன்.

மேட்டூர் அணை 1925-ல் ஆரம்பிச்சு 1934-ல் முடிஞ்சது. 90 வயசு தாண்டிடுச்சு. 120 அடி, 93.47 டிஎம்சி. தன் எடையாலேயே தண்ணியைத் தாங்கி நிற்கிற கட்டுமானம். அதைவிட முக்கியம், அதை தினமும் பார்க்க ஆள் இருக்கு. கபினியும் கேஆர்எஸ்ஸும் திறந்தா பிலிகுண்டுலுவில் அளக்கிறாங்க. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் காலையில் பேப்பரில் வந்துடும். வார்டில் கட்டிலோட கால்மாட்டில் தொங்குற சார்ட் மாதிரி. 16 கண் மதகைத் திறக்கணும்னா கரையோர ஊர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகும். தங்கமாபுரிபட்டணம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

பார்க்க ஆள் இருந்தாலும் கோளாறு வரத்தான் செய்யும். 2018 ஆகஸ்ட் 22, மேட்டூரில் திறந்த தண்ணி பெருக்கெடுத்து ஓடும்போதுதான் முக்கொம்பில் 1836-ல் கட்டின கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடிச்சிட்டுப் போச்சு. 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ரா அணையில் 19-வது மதகின் சங்கிலி அறுந்தது. ஆனா அன்னைக்கே ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சது. ஒரு வாரத்துக்குள் தற்காலிகத் தடுப்பை இறக்கி அடைச்சாங்க. மாசாமாசம் செக்கப்புக்கு வர்ற சர்க்கரை நோயாளி மாதிரிதான் இதெல்லாம். என்ன வந்தாலும் கையில் ஃபைல் இருக்கு.

எனக்குப் பயம், ஓபி சீட்டே போடாத ஆளைப் பார்த்துதான்.

போன வருஷம் குடும்பத்தோட ஒரு மலைக்குப் போனோம். சேலத்தில் இருந்து ஒரே நாளில் போயிட்டு வரலாம். பெயர் வேண்டாம். தங்கின விடுதிக்குள்ளேயே ஒரு ஓடையை மறிச்சு கரை போட்டு குளம் மாதிரி பண்ணியிருந்தாங்க. நாலு பெடல் போட், ரெண்டு பரிசல், சுத்தி லைட்டு. கரை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எஸ்டேட்காரங்க போட்டதாம். பதினாறு பதினேழு அடி உயரம் இருக்கும். குழந்தைங்களுக்கு ஒரே கொண்டாட்டம், பொய் சொல்லக்கூடாது, எனக்கும்தான்.

சாயங்காலம் கரை மேல நடந்தேன். வெளிச்சரிவில் நல்லா பெருத்த மரங்கள். அடிவாரத்தில் ஒரு இடம் மட்டும் சொதசொதன்னு ஈரம், அங்கே மட்டும் புல் பச்சைப்பசேல்னு இருக்கு. அதுக்குக் கீழே ஓடையோரமா முப்பது வீடு. அங்கே இருந்த பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணா, இதுக்கு கலிங்கு எங்க இருக்கு?"

"அந்த மூலைல சார். பலகை வச்சு, மூட்டை அடுக்கி அடைச்சிருக்கோம். சனி ஞாயிறுல தண்ணி கம்மியா இருந்தா போட்டு தரை தட்டுது."

"பெரிய மழை வந்தா?"

"எடுத்துருவோம் சார்."

"ராத்திரில வந்தா?"

அவர் சிரிச்சார். ராத்திரி அவர் வீட்டுக்குப் போயிடுவார்.

கலிங்குன்னா தெரியாத தம்பி தங்கைகளுக்கு: ஏரி நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி கரையைத் தொடாம வெளியே போறதுக்கு விட்ட வழி. மண் கரைக்கு அதுதான் உயிர். கல், கான்கிரீட் அணை மேல தண்ணி வழிஞ்சா கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மண் கரை மேல வழிஞ்சா அரிச்சுக்கிட்டே போய் சில மணி நேரத்தில் கரையே இருக்காது. இன்னொரு சாவு உள்ளுக்குள்ள இருந்து வரும். வேர், எலி வளை, நண்டு வளை வழியா தண்ணி கசியும். கசிவு தெளிவா இருந்தா கவனிச்சுக்கிட்டே இருக்கலாம். கலங்கலா வந்தா கரையோட மண்ணே வெளியேறுதுன்னு அர்த்தம், அது எமர்ஜென்சி. மகாராஷ்டிரா ரத்னகிரி மாவட்டத்துல திவாரே அணை 2019 ஜூலை 2 ராத்திரி உடைஞ்சு 20 பேர் அளவில் இறந்தாங்க. கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே புகார் சொல்லியிருந்தாங்க.

"அது சின்னக் குளம் டாக்டர்"னு சொல்வீங்க. கணக்குப் போடுங்க. ஒரு ஏக்கர், சராசரி 2 மீட்டர் ஆழம். சுமார் 80 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 670 சேர்ந்தாப்ல சரிவில் இறங்கினா எப்படி இருக்கும்? அதுதான் அந்த முப்பது வீட்டுக்கு மேல நிக்குது.

பொழுதுபோக்குக்கு வச்சிருந்த தனியார் அணை ஒண்ணு ஒரு ஊரையே அழிச்ச கதை அமெரிக்காவில் இருக்கு. பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை. முதலில் கால்வாய்க்குத் தண்ணி தர அரசு கட்டினது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலையில்லை. கை மாறி கை மாறி, 1879-ல் பணக்காரங்களோட மீன்பிடி, வேட்டை கிளப்புக்கு வந்தது. கார்னகி, ஃப்ரிக் எல்லாம் மெம்பர். தண்ணியை இறக்க அடியில் இருந்த இரும்புக் குழாய்களை அதுக்கு முந்தின ஓனரே பழைய இரும்புக்குப் பிடுங்கி வித்துட்டார். கிளப் அதைத் திரும்பப் போடவே இல்லை. குதிரை வண்டி போக கரையோட உயரத்தைக் குறைச்சாங்க. விட்ட மீன் தப்பிக்காம இருக்க, உபரி நீர் வழியில் கம்பித் தடுப்பு வச்சாங்க. ஒவ்வொண்ணும் சின்ன வசதி. எதுவுமே கெட்ட எண்ணத்தில் செஞ்சது இல்லை. அந்தப் பலகை மாதிரிதான்.

22 கிலோமீட்டர் கீழே ஜான்ஸ்டவுன். அங்கிருந்த இரும்பாலை 1880-லேயே தன் இன்ஜினியரை அனுப்பிப் பார்த்து, குழாய் இல்லாதது ஆபத்துன்னு எழுதினது. ஒண்ணும் ஆகாதுன்னு கிளப் சொல்லிடுச்சு. 1889 மே 31, விடாத மழை. கம்பித் தடுப்பில் குப்பை அடைச்சது, தண்ணி கரை மேல ஏறினது, அணை போச்சு. 2,209 பேர் செத்தாங்க. கிளப் மேல போட்ட வழக்கு எதுவும் ஜெயிக்கலை.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம ஊர் குடிமராமத்துதான் ஞாபகம் வந்தது. ஏரிக்கரையைப் பார்த்துக்கிட்டது யார்? கரை உடைஞ்சா யார் வீடு போகுமோ, யார் வயல் போகுமோ அவங்கதான். மதகைத் திறக்கிற நீர்க்கட்டி அதே ஊர்க்காரர், அவர் புள்ளையும் கரைக்குக் கீழேதான் தூங்கும். விடுதிக் குளத்தில் இது தலைகீழ். அனுபவிக்கிறவங்க மேல, ஓனர் எங்கேயோ சிட்டியில், ஆபத்து மட்டும் கீழே. கீழே இருக்கிறவங்களுக்கு அந்தப் பலகையை எடுக்கிற உரிமை கிடையாது. மேல பலகை இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது.

சட்டம் இருக்கான்னா, இருக்கு. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம். நம்ம மாநிலம் அதை எதிர்த்தது தனிக்கதை. அதில் தனியார் கம்பெனியும் அணை உரிமையாளர்தான். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு பண்ணணும், அவசரகாலத் திட்டம் வச்சிருக்கணும். நல்ல சட்டம். ஆனா 15 மீட்டருக்கு மேல இருக்கிற அணைகளுக்குத்தான். 10 முதல் 15 மீட்டர்னா நீளம், கொள்ளளவு மாதிரி சில நிபந்தனைகள் பொருந்தணும். நான் பார்த்த கரை அஞ்சு மீட்டர்தான், சட்டத்தோட கண்ணிலேயே படாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விடுதிகள் நீரோட்டத்தைத் திருப்பி செயற்கை அருவி உண்டாக்கினதா வந்த வழக்கில் 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அருவி வெளியே தெரியும், கேஸ் போடலாம். எப்பவோ கட்டி மறந்துபோன கரைக்கு யார் கேஸ் போடுவா?

மலை மழையோட வேகத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2024 மே 17 பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையனைக் கொண்டுபோச்சு. பலகையை எடுக்க ஆள் ஓடிவர நேரம் இருக்காது.

எல்லா விடுதிக் குளத்தையும் மூடணும்னு நான் சொல்லலை. நிலத்தடி நீருக்கு நல்லதுன்னு ஓனர்கள் சொல்றதிலும் உண்மை இருக்கு. அளவுக்கதிகமான ரூல் போட்டா அது லஞ்சத்துக்கு இன்னொரு கவுன்ட்டர் ஆகும்னு நண்பர் ஒருத்தர் சொன்னார், அதுவும் சரிதான். ஆனா தமிழ்நாட்டில் ஒரு லிஃப்ட் வைக்க லைசென்ஸ் வேணும். நாலு பேர் போற பெட்டிக்குக் கேட்கிறதை 8,000 டன் தண்ணிக்குக் கேட்கக்கூடாதா? மாவட்டத்தில் இருக்கிற தனியார் கரைகளுக்கு முதலில் ஒரு பட்டியல் போடுங்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர் வந்து பார்த்த தேதி ரிசப்ஷனில் ஒட்டியிருக்கட்டும். ஓனர், காவலாளி போன் நம்பர் கீழே இருக்கிற வீடுகளில் இருக்கட்டும்.

நீங்க அடுத்து எங்கேயாவது போட்டிங் போனா இறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கலிங்கு எங்கே?" திறந்து கிடந்தா நிம்மதியா சுத்துங்க. அடைச்சிருந்தா போட்டோ எடுத்து கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்புங்க.

நான் ஊருக்கு வந்ததும் எழுத்துல மனு கொடுத்தேன், போட்டோவோட. ரசீது வந்தது. ரெண்டு தடவை நினைவூட்டல் அனுப்பிட்டேன். போன வாரம் அந்தப் பெரியவருக்குப் போன் பண்ணினேன். மூட்டையை எடுத்துட்டாங்களாம், பலகை இன்னும் இருக்காம்.