நீல வெளிச்சமும் முதல் பவளமும்

போன வாரம் ஒரு இளைஞர் என் மீன்தொட்டிக் கடைக்கு வந்து போனை நீட்டினார். இரண்டடித் தொட்டி, நடுவில் ஒரு மஷ்ரூம் பவளம். வாங்கிப் போன அன்று கரும்பச்சையாகத் தட்டு விரித்திருந்தது. படத்தில் அது சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி, விளிம்பெல்லாம் வெளுத்துக் கிடந்தது. "மூணே நாள் சார்" என்றார். விளக்கை எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வெளிச்சம் பத்தாதோன்னு நூறுல வெச்சுட்டேன்."

இந்தப் பதிலைக் கேட்காதவர் நம் தொழிலில் இருக்க முடியாது. உப்புத் தொட்டிக்குப் புதிதாக வருகிறவரின் முதல் பவளம் வெளிச்சம் குறைந்து சாவதைவிட வெளிச்சம் மிஞ்சிச் சாவதே அதிகம். அதற்குப் பாதிப் பொறுப்பு நம்முடையது. பவளத்தையும் விளக்கையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிறோம். விளக்கை எத்தனை சதவீதத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதில்லை.

ஏமாற்றுவது நம் கண். பச்சை ஒளியைக் கண் கூர்மையாக உணரும். நீலத்துக்கு அது மந்தம். 555 நானோமீட்டர் பச்சையை உணர்வதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட 450 நானோமீட்டர் நீலத்தைக் கண் உணர்வதில்லை. ஆனால் பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அந்த நீலம்தான் சோறு. கடலில் இறங்க இறங்க முதலில் சிவப்பு வடிந்துபோகிறது. ஆழத்துக்கு எட்டுவது நீலம். அதைப் பிடிப்பதற்கென்றே அமைந்த நிறமிகள் அந்தப் பாசிக்குள் இருக்கின்றன. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் அந்த நீலத்தைத்தான் கொட்டுகின்றன. வீட்டுக்காரர் பார்வைக்கு அந்திப்பொழுது போலத் தெரிகிற தொட்டியில் பவளத்துக்கு உச்சிவெயில் அடித்துக்கொண்டிருக்கும். போனில் லக்ஸ் பார்க்கும் செயலியும் இங்கே உதவாது. லக்ஸ் என்ற அளவே மனிதக் கண்ணுக்காக வகுத்தது. நீலத்தை அதுவும் குறைத்தே காட்டும். அந்த எண்ணை நம்பி விளக்கை இன்னும் ஏற்றுகிறார்கள்.

ஒளி மிஞ்சினால் பாசி தேவைக்கு மேல் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அதிலிருந்து பிறக்கும் வீரிய மூலக்கூறுகள் பவளத்தின் செல்களையே அரிக்கத் தொடங்கும். பவளம் வேறு வழியின்றிப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கிறது. 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தபோது அதைத் தூண்டியது கடல்நீரின் சூடு. பாசியை இழந்து வெளுப்பது இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் சென்னைக் கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும்போது விளக்கையும் குறைக்கச் சொல்கிறேன். இரண்டு சுமையை ஒன்றாகப் பவளம் தாங்காது.

எண்களாகவே சொல்லிவிடலாம். பாசிக்குப் பயன்படும் ஒளியை அளப்பது பி.ஏ.ஆர். மஷ்ரூமுக்கு அது 30 முதல் 80 வரை போதும். ஜோவா பவளத்துக்கு 60 முதல் 120. லெதர் பவளத்துக்கு 80 முதல் 150. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வெளிச்சம் தாராளம். எந்தப் பவளமானாலும் முதல் வாரம் தொட்டியின் அடியில், விளக்கு 30 சதவீதத்தில். பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றலாம். பி.ஏ.ஆர். மீட்டர் விலை அதிகம்தான். வீட்டில் தொட்டி வைக்கிறவர் வாங்கத் தேவையில்லை. கடைக்கு ஒன்று வாங்கி வைத்து, பவளம் வாங்குகிறவருக்கு இரண்டு நாள் இரவல் கொடுங்கள். உங்கள் தொட்டியில் அந்தத் துண்டு எந்த அளவு ஒளியில் வளர்ந்தது என்பதைப் பையின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள்.

எதைக் கொடுப்பது என்று கேட்டால், முதலில் மஷ்ரூம், அடுத்து லெதர் என்பேன். லெதர் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை அது கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளக்கும். நான்கு நாள், சில சமயம் பத்து நாள்கூட அப்படியே நிற்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அது தோல் உரிக்கிறது, அவ்வளவே. வேவ்மேக்கரைச் சற்றே அந்தப் பக்கம் திருப்பினால் ஒரு காலையில் அந்த ஏடு கிழிந்து மிதந்து போகும். அடியிலிருந்து குட்டிக் குட்டிக் கைகள் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு பூவிலும் எட்டு இறகுகள், எண்ணிப் பார்க்கலாம். லெதருக்குத் தன் வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அக்கம்பக்கத்துப் பவளங்களை அடக்கும் பழக்கம் உள்ளது. சிறிய தொட்டியானால் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் கட்டாயம். ஸ்கிம்மரை ஓட்டோ ஓட்டென்று ஓட்டி நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கவும் வேண்டாம். மென்பவளங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் நைட்ரேட் இருப்பதே நல்லது.

ஜோவா வளர்க்க எளிது, ஆனால் "எளிது" என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடும் நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்டது. வெறுங்கையில் அறுப்பது, கண்ணாடி அணியாமல் சுரண்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைப்பது கூடவே கூடாது. அந்த நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறி வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எந்தக் கடையும் ஜோவா விற்கக் கூடாது என்பது என் நிலை.

ஜீனியாவையும் பச்சை நட்சத்திரப் பவளத்தையும் தனிக் கல்லில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். விட்டால் தொட்டியையே மூடிவிடும். புதியவருக்குத் தரவே கூடாதது ஒன்று உண்டு: டெண்ட்ரோநெஃப்தியா. இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும். அதன் உடலில் பாசியே கிடையாது. எந்த விளக்கும் அதற்குச் சோறு போடாது. மிதவை நுண்ணுயிர்களை ஓயாமல் ஊட்டினால்தான் உண்டு. வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடந்து சில வாரங்களில் கரைந்துபோகும். நிறத்தைக் காட்டி அதை விற்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

கடைசியாக, எங்கிருந்து வாங்குவது. கடல்விசிறிகளையும் கடினப் பவளங்களையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. நம் கடலிலிருந்து எடுத்ததைத் தொடாதீர்கள். மென்பவளத்துக்கு அந்த வழி தேவையும் இல்லை. நல்ல லெதரின் தொப்பியைக் கூரான பிளேடால் அறுத்தால் அடித்தண்டு மறுபடி தொப்பி கட்டும். மஷ்ரூம் துண்டை ஒட்டுவதுதான் சிரமம். வழவழப்பில் பசை நிற்காது. சிறு கல் துகள்கள் போட்ட கிண்ணத்தில் துண்டை இட்டு, மேலே கொசுவலையைக் கட்டி, ஓட்டமும் ஒளியும் குறைந்த மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் தானே ஒரு துகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த இளைஞருக்கு அப்படிப் பிடித்த ஒன்றைத்தான் கொடுத்தனுப்பினேன், பையின் மேல் "50" என்று எழுதி.