மூழ்கிய ஊரின் ஏடுகள்

தில்லியில் பயிலும் தமிழ் மாணவர்களுள் டெஹ்ரி என்னும் ஊரை அறிந்தவர் சிலரே. ஆனால் அவ்வூரை விழுங்கிய நீரில் ஒரு பங்கு மேல்கங்கைக் கால்வாய் வழியே முராத்நகர் வந்து, சோனியா விகாரில் தூய்மை செய்யப்பட்டு, இந்நகரத்துக் குழாய்களில் வருகிறது. நாம் நாள்தோறும் குடிக்கும் தண்ணீரின் வரலாறு அது. கேட்டு வைப்பதில் தவறில்லை அல்லவா?

பாகீரதியும் பிலங்கனாவும் கூடுமிடத்தில் 1815இல் மன்னர் சுதர்சன் ஷா அமைத்த தலைநகர் டெஹ்ரி. அரண்மனை, மணிக்கூண்டு, கடைவீதி எல்லாம் கொண்ட ஊர். மக்களாட்சி கேட்ட ஸ்ரீதேவ் சுமன் 84 நாள் உண்ணாநோன்பிருந்து 1944இல் உயிர் நீத்தது இவ்வூர்ச் சிறையிலேதான். இன்று அந்தச் சிறையும் இல்லை, வீதியும் இல்லை. 2004, 2005ஆம் ஆண்டுகளில் நீர் ஏறிற்று. அணையின் உயரம் 260.5 மீட்டர்.

அணை கூடாது என்று வாதிட நான் இதை எழுதவில்லை. அவ்வாதத்தைச் சுந்தர்லால் பகுகுணா தம் வாழ்நாளில் பல்லாண்டு நடத்தினார். மின்சாரமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். என் கேள்வி சிறியது. ஊரை அப்புறப்படுத்தும்போது ஊரின் ஏடுகளை யார் எடுத்துச் செல்வது?

நிலவியல் மாணவனாகிய நான் சென்ற ஆண்டு பாறைகளைப் பார்க்கப் புது டெஹ்ரிக்குச் சென்றேன். அங்கே தேநீர்க்கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் தம் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். தந்தையின் கடைக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ், ஒரு கல்யாணப் படம். படத்தில் பதினொருவர் நிற்கின்றனர். நால்வர் பெயர்தான் அவருக்குத் தெரியும். "மற்றவர்களைத் தெரிந்தவர் என் அண்டை வீட்டார், தம்பி. அவருக்கு ஹரித்துவாரம் பக்கம் நிலம் கொடுத்தார்கள்" என்றார். படம் மலைமேல் இருக்கிறது. பெயர்கள் சமவெளியில் இருக்கின்றன. இரண்டும் கூடினால்தான் அது ஆவணம். ஒரு தெருவைப் பிரித்து இரண்டு மாவட்டங்களில் குடியேற்றும்போது, காகிதம் ஒன்றுகூட நனையாமலே ஊரின் ஏடு அழிந்துவிடுகிறது.

நம் நாட்டாருக்கு இதில் அக்கறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாகார்ஜுன சாகர் கட்டியபோது, நீர் வருமுன், 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டாவை அகழ்ந்தார்கள். இக்ஷ்வாகு மன்னர்களின் கட்டடங்களைக் குன்றின்மேல் மறுபடி அமைத்தார்கள். இன்று அக்குன்று தீவாகி, அருங்காட்சியகத்தோடு நிற்கிறது. மிக நல்ல செயல். மூன்றாம் நூற்றாண்டு மனிதனுக்கு ஆறு ஆண்டு ஒதுக்கினார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் கல்யாணப் படத்துக்கு ஆறு நாளேனும் ஒதுக்கக் கூடாதா?

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் படித்துப் பார்த்தேன். குடியேற்றும் ஊரில் இருக்க வேண்டியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது: அஞ்சலகம், சுடுகாடு, வழிபாட்டிடம், விளையாட்டுத் திடல், கால்நடைக்குக் குடிநீர்கூட. ஊரின் ஏடுகளுக்கு ஒரு வரியும் இல்லை. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தம்மிடம் வரும் யாத்திரிகர்களின் குடும்பப் பெயர்களை ஊர்வாரியாகத் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றனர். தட்சிணைக்காகத்தான் எழுதினார்கள், ஆனாலும் எழுதினார்களே!

"பழங்காகிதம் சோறு போடுமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. போடும். பட்டா இல்லாத குத்தகைக்காரனும், வீதியில் கடை விரித்தவளும் தாம் அங்கே வாழ்ந்ததைக் காட்டப் பழைய ரசீதும் பள்ளிப் பதிவேடும் அன்றி வேறு என்ன வைத்திருக்கிறார்கள்?

ஆகவே அணைத் திட்டச் செலவிலேயே இதற்கும் ஒரு தொகை வேண்டும் என்கிறேன். சுரங்க வாயிலை அடைக்குமுன் பள்ளிப் பதிவேடு, கோயில் கணக்கு, வீட்டுப் படங்கள் யாவற்றையும் நகலெடுக்க வேண்டும். ஊர் கலையுமுன்பே முதியவர்களை உட்கார வைத்துப் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும்.

கோதாவரியின் குறுக்கே போலவரம் அணை எழுந்துகொண்டிருக்கிறது. கோயர், கொண்டரெட்டி மக்களின் ஊர்கள் அதன் நீர்ப்பரப்பில் அடங்குகின்றன. அவர்கள் ஏடுகளிற் பெரும்பகுதி நாவில் உள்ளது. அப்பகுதித் தெலுங்கு மாணவர்கள் நம் விடுதிகளில் இருக்கலாம். நம் சங்கம் அவர்களைத் தேடிக் கண்டு பேசட்டும். கோடை விடுமுறைக்கு நான் உடன் செல்லத் தயார். மொழி தெரிந்த ஒருவர் வேண்டும்.