"பிளாக்குன்னா எல்லாமே தப்பா சார்?"

சேரியில் நாங்கள் நடத்தும் இரவுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நான்தான். போன மாதம் ஒருநாள் கூட்டுச்சொற்கள் பாடம். பிளாக்மெயில், பிளாக்லிஸ்ட், பிளாக்மார்க்கெட் என்று வரிசையாக எழுதி அர்த்தம் சொல்லிக்கொண்டே போனேன். மிரட்டிப் பணம் பறிப்பது, ஒதுக்கிவைக்கும் பட்டியல், கள்ளச்சந்தை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஏஞ் சார், பிளாக்குன்னா எல்லாமே தப்பாத்தான் இருக்குமா?" பக்கத்தில் இருந்த பையன் அவள் கையைக் காட்டி ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எல்லாம் வெள்ளைக்காரன் திமிரும்மா" என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், நான் சொன்னதில் பாதி பொய்.

பிளாக்மெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து – ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவர்கள், "உன் மாட்டைத் தொடமாட்டோம்" என்று சொல்லிக் குடியானவர்களிடம் வாங்கிய மாமூல் அது. அந்த 'மெயில்' தபால் இல்லை. அந்தப் பக்கத்துப் பேச்சில் வாடகை, கப்பம். பறித்தவனும் வெள்ளை, பறிகொடுத்தவனும் வெள்ளை.

இன்னொன்றும் உண்டு. 'பிளாக்', 'பேர்ட்' என்று இரண்டையும் பிரித்து, இரண்டையும் அழுத்திச் சொன்னால் கறுப்பாக இருக்கும் எந்தப் பறவையும். சேர்த்து, முதல் பாதியை மட்டும் அழுத்தினால் அது ஒரு சாதிப் பறவையின் பெயர். அதில் பெட்டை பழுப்பு நிறம்; பெயர் அப்போதும் பிளாக்பேர்ட்தான். எங்கள் பள்ளிப் பலகைக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறோம். அதைக் கரும்பலகை என்றுதான் கூப்பிடுகிறோம். சொல் ஒட்டிக்கொண்டபின் நிறம் போய்விடுகிறது, பெயர் நின்றுவிடுகிறது. பெயர் நின்றுபோவதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அப்படியானால் நிறவெறியே இல்லையா? அவசரப்படாதீர்கள். சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, யார் தலையில் போய் விழுகிறது என்பது வேறு. 1971இல் பி.பி.சி. பேட்டியில் முகமது அலி இதைத்தான் கிண்டலாகக் கேட்டார்: பிளாக்மெயில் இருக்கிறது, ஒயிட்மெயில் ஏன் இல்லை? ஸ்காட்லாந்து எல்லையின் கதையைச் சொல்லி அவருக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

நம் வீட்டுக்குள்ளேயே ஒன்று கிடக்கிறது: பிளாக்லெக். 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தய மோசடிக்காரனுக்கு வைத்த பெயர், அடுத்த நூற்றாண்டில் வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்குப் போனது. காலைச் சொல்லி ஆளைக் குறிக்கிறார்கள்; நம் இலக்கணத்தில் அன்மொழித்தொகை. நம் தொழிற்சங்கத் தமிழ் இதற்கு நேராக வைத்த சொல் கருங்காலி. பாவம், அது ஒரு மரம். வைரம் பாய்ந்தது, உலக்கைக்கு ஆகும். கோடாரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுகிறதாம், அதனால் துரோகி என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள். காம்பைத் திட்டுகிறவர்கள் கோடாரியைப் பிடித்திருக்கும் கையைத் திட்டுவதில்லை.

1921இல் சென்னை பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம். முந்தைய போராட்டத்திலேயே பட்டினி கிடந்து நொந்துபோயிருந்த ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். வெள்ளை முதலாளியும் அரசும் இந்தப் பிளவில் குளிர்காய்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருநாள் கூலி நின்றால் அடுப்பு எரியாதவனைச் சங்கத்தில் சமமாக உட்கார வைத்தோமா என்று கேட்காமல், 'கருங்காலி' என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிட முடியுமா?

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றபின், கணினி உலகத்தில் பிளாக்லிஸ்டை மாற்றி 'பிளாக்லிஸ்ட் வேண்டாம், தடைப்பட்டியல் என்று எழுதுங்கள்' என்றார்கள். லினக்ஸ்காரர்கள் அந்த ஜூலையிலேயே விதி சேர்த்தார்கள். மாற்றட்டும், நல்லதுதான். செலவில்லாத நியாயம் என்று என் மனசு சொல்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு வழி. அலபாமாவில் லவுண்ட்ஸ் மாவட்டம். நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், கூடவே வெள்ளையர் மேலாண்மை முழக்கம். அந்த மக்கள் தனிக்கட்சி கட்டிச் சேவலுக்கு எதிரே கருஞ்சிறுத்தையை நிறுத்தினார்கள். 1966 அக்டோபரில் ஓக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் அதையே தங்கள் கட்சிக்குப் பெயராக எடுத்தார்கள்: பிளாக் பேந்தர். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் 'பிளாக்' இருந்த இடத்தில் 'தலித்' என்று வைத்தார்கள். நிறம் இருந்த இடத்தில் ஒரு சொல், சிறுத்தை அப்படியே.

இதையெல்லாம் அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது தப்பா சார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

போன வாரம் எங்கள் சங்கத் துண்டறிக்கையில் 'கருங்காலிகளே' என்று இருந்ததை அடித்து, 'வேலைநிறுத்தத்தை உடைப்பவர்களே' என்று எழுதினேன். அச்சகத்துக்குக் கொண்டுபோன தோழருக்குக் கோபம். "இவ்ளோ நீளத்த வச்சி எப்படித் தோழர் கோஷம் போடறது?" இன்னும் பேசி முடியவில்லை. துண்டறிக்கை அச்சகத்தில் கிடக்கிறது.