விதை குறைந்தால் குற்றமா?

"விதையில்லாப் பழமெல்லாம் மரபணு மாற்றப் பழம், இயற்கை தந்ததை மனிதன் கெடுத்துவிட்டான்." பழக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் சுற்றும் இந்தக் கூற்றுக்கு, இத்தாலியின் பலெர்மோ நகரோரம் சாக்குல்லியில் விளையும் கமலா ஆரஞ்சே பதில் சொல்லும்.

ஒன்று: விதை குறைந்தது ஆய்வகச் சரக்கு என்கிறார்கள். சாக்குல்லியின் 'தார்தீவோ' ரகம், 1940களில் 'அவானா' என்ற பழைய ரகத்தில் தானாக நேர்ந்த மரபு மாற்றத்தால் வந்தது. மற்ற கமலாக்கள் ஓய்ந்தபின், ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கும். தோல் மெல்லியது, இனிப்பு கூடுதல், விதை சொற்பம். விவசாயி செய்ததெல்லாம் அதைக் கண்டுகொண்டு, ஒட்டுக்கட்டிப் பெருக்கியதுதான். நாம் பூசைக்கு வைக்கும் பூவன் வாழைக்கும் விதையில்லை; கன்று வைத்தே அதைக் காலங்காலமாக வளர்த்துவருகிறோம்.

இரண்டு: இயற்கையின் தேர்வு உயிர்களை மேம்படுத்தும், மனிதத் தேர்வு சிதைக்கும் என்கிறார்கள். இயற்கைக்கு அப்படியொரு நோக்கமே கிடையாது. பலெர்மோவின் ஜெம்மெல்லாரோ அருங்காட்சியகத்தில் சிசிலியின் குள்ள யானைகளுடைய எலும்புகள் இருக்கின்றன. அந்த யானைகளில் மிகச் சிறிய இனம் வளர்ந்தபின்னும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை. அதன் மூதாதையரோ பேருருவங்கள். தீனி குறைந்த தீவில் சிற்றுடல் கொண்டவை பிழைத்துக் குட்டி ஈன்றன. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. அந்த இடத்துக்கு அது பொருந்தியது.

மூன்று: இயற்கைத் தேர்வும் மனிதத் தேர்வும் எதிரெதிர் வழிகள் என்கிறார்கள். 1859இல் வெளியான தம் நூலின் முதல் அத்தியாயத்தையே டார்வின் வளர்ப்பு உயிர்களுக்கு ஒதுக்கினார். புறா வளர்ப்போரிடம் பாடம் கேட்டார். வேறுபாடு தானாகத் தோன்றுகிறது, சந்ததிக்குக் கடக்கிறது, சில மட்டும் பெருகுகின்றன. இரு தேர்வுக்கும் இதுவே வழி. எது பெருகும் என்பதை முடிவு செய்வது யார் என்பதில்தான் வித்தியாசம். விதை குறைந்த மரம் காட்டில் பின்தங்கும். தோட்டத்தில் அதே குணத்துக்காகவே ஆயிரமாய்ப் பெருகும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஒட்டு மரங்களெல்லாம் ஒரே மரபின் நகல்கள். ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தக்கூடும். சிசிலித் தோட்டங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியை. அதில் ஒட்டிய மரங்களையே ட்ரிஸ்டெசா வைரஸ் பட்டுப்போகச் செய்கிறது. ஆகவே, பழத்தில் விதை உண்டா என்று பதறுவதை விட்டு, ஊரில் எத்தனை ரகங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று கேட்போம். தேர்ந்தெடுக்கப் பல ரகங்கள் இருக்கும்வரைதான் விவசாயிக்கு அடுத்த வழி இருக்கும்.