மறைவானது புராணம் அன்று

கணிப்பொறிக்குள் பிறர் அறியாமல் புகும் ஹேக்கர்களையும் பழங்காலக் கதைகளையும் இணைத்துப் பின்னிய ஆங்கில நாவல்கள் சில உள. அவை யாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, 'எல்லாம் புராணக் கற்பனை' எனத் தீர்ப்பளிப்பாரும் உளர். அத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம். இரண்டு நாவல்களே சான்று பகரப் போதும்.

நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' 1992இல் வெளிவந்தது. சுமேரியர் வணங்கிய என்கியின் மந்திரம் அதில் மனித மூளையை இயக்கும் நிரல். அஷேரா வழிபாடு தொற்றிப் பரவும் கிருமி. வேதத்தை எழுத்துப் பிசகாது படியெடுத்துக் காத்த யூதரின் பேணுதலும் அங்கே நோய்த்தடுப்பாகச் சுருங்குகிறது. தகவல் வலையைக் கைக்குள் வைத்திருக்கும் செல்வன் மக்கள் மனத்தையும் ஆள முனைவான் என்ற அதன் எச்சரிக்கை போற்றத்தக்கதே. ஜுவானிட்டா என்னும் பாத்திரம் இறைநம்பிக்கை உடையவள் என்பதும் உண்மையே. ஆயினும், வணக்கத்தின் வரலாற்றைக் கிருமியின் வரலாறாக விளக்குவது அறிவியலா, ஆணவமா?

இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்சீன்' 2012இல் வெளிவந்து, 2013இல் 'வேர்ல்ட் ஃபேன்டசி' விருதைப் பெற்றது. பெயர் கூறப்படாத வளைகுடா நாடொன்றில், அரசின் தணிக்கையிலிருந்து எழுதுவோரை மறைத்துக் காக்கும் இளைஞன் அலிஃப். ஜின்கள் சொன்னதாகக் கதையில் வரும் 'ஆயிரத்தொரு பகல்கள்' என்னும் நூலைக் கொண்டு வெல்லவொண்ணாத நிரல் படைக்க முயல்கிறான். அது சிதைந்து போகிறது. அந்நூலையே அடக்குமுறைக்கு ஆயுதமாக்க நாடிய தணிக்கை அதிகாரியும் தோற்கிறான். முன்னவர் மறைவானதைப் பொறியாக்கினார். பின்னவரோ பொறியின் எல்லையைக் காட்டினார். இவ்விரண்டும் ஒன்றாகுமா?

திருமறையின் 72ஆவது அத்தியாயத்துக்கு 'ஜின்' என்றே பெயர். மறைவானவற்றை நம்புதல் ஈமானின் அங்கம். வில்சனின் கதை கற்பனைதான். அது ஊன்றி நிற்கும் நிலம் கற்பனை அன்று. அந்நிலத்துக்குப் புராணம் எனப் பிறர் பெயர் சூட்ட, நாமும் தலையசைப்பதா?

நம் பிள்ளைகள் இரண்டையும் படிக்கட்டும். 'ஜின் கதை' என்று பெற்றோர் ஒன்றை ஒதுக்க வேண்டா. 'விஞ்ஞானம்' என்று இளைஞர் மற்றதற்கு மயங்கவும் வேண்டா. எந்த நூல் மனிதனைப் பொறியாகக் காண்கிறது, எது அவனை அடியானாகக் காண்கிறது என்று கேட்டுப் படிப்பதே நம் வீடுகளுக்கு உகந்த வாசிப்பு.