பாலாற்றைக் கெடுத்தது யார்? பணம் கட்டுவது யார்? 29 ஆயிரம் குடும்பங்களின் இழுபறி!

வேலூர்—

ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரை விவசாயியிடம் கிணறு எப்படி என்று கேட்டால், ஆழத்தைச் சொல்வதற்கு முன்பு "உப்பு" என்பார்.

காரணம் ஊரறிந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது உப்பும் குரோமியமுமாக வெளியே வந்து ஆற்றிலும் வயலிலும் பாய்ந்தது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பயிருக்கு லாயக்கில்லாமல் போச்சு. இந்தக் கணக்கு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே இருக்கிறது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. "கெடுத்தவன்தான் பணம் கட்ட வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் அடித்துச் சொன்னார். ஆலைக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் வேறு.

தலைக்கு எவ்வளவு?

நஷ்டத்தைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 547 ஆலைகள் சேர்ந்து 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2001 மார்ச்சில் அது உத்தரவு போட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 9,200 ரூபாய். பாழான கிணற்றுக்கும் நிலத்துக்கும் இவ்வளவுதானா? அதுவாவது முழுசாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. வழக்கு மேல் வழக்கு.

24 ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தலையிட்டது. கொடுபடாத பாக்கியை அரசே 6 வாரத்தில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் கமிட்டி அமைக்கவும் உத்தரவு.

இது நல்ல திருப்பம். ஆலைக்காரரைத் துரத்தி அலையும் வேலை இனி விவசாயிக்கு இல்லை, சர்க்காருக்கு.

நுரை

ஆலைகளை மூடு என்று சொல்வதும் சுலபமில்லை. அப்பாவின் கிணறு கெட்டது தோலால். மகள் பஸ் ஏறிப் போவது ஷூ கம்பெனிக்கு. ஆகவே கண்காணிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்பது விதி. ஆனாலும் மழை வெள்ளம் வந்தால் மாராபட்டு பாலத்தருகே ஆற்றில் நுரை பொங்கியதாகப் பலமுறை புகார் எழுந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் பலியானார்கள்.

வேலூர்க்காரர் குடிக்க இப்போது மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வயலுக்கு இன்னும் அதே கிணறுதான்.